கடலடியில் ஒரு வெங்காய வலை

நவம்பர் 3

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். பதினெட்டு வருடம் என்பது ஒரு மனிதன் பேசாமல் இருப்பதற்குத் தாராளமான காலம். இந்தப் பயணம் முழுக்க எழுதப்போகிறேன். கரை திரும்பியதும் அப்படியே ஒரு பத்திரிகைக்கு அனுப்புவேன். என் பெயர், பட்டம், முகவரி எல்லாம் கடைசிப் பக்கத்தில் இருக்கும். தெய்வநாயகத்தின் பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கும். இதோ, இருக்கிறது.

காலையில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆராய்ச்சிக் கப்பல் கிளம்பியது. தலைமை விஞ்ஞானி அவன்தான். ஏணிப்படியின் மேல் நின்று ஒவ்வொருவராக வரவேற்றான். என்னிடம் "வாங்க டாக்டர்" என்றான். நான் "வணக்கம் சார்" என்றேன். பாளையங்கோட்டை விடுதியில் ஒரே அறையில் இருந்து, ஒருவன் சட்டையை இன்னொருவன் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள் நாங்கள். பேசியது இவ்வளவுதான்.

என்னை அழைத்தது அவன் இல்லை, மெஹரூன் என்ற ஆராய்ச்சி மாணவி. என் பழைய ஆய்வேட்டை எங்கிருந்தோ தேடிப் படித்துவிட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். இப்போது நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன். விடுப்புக் கேட்டபோது முதல்வர், இந்த வயதில் கடலுக்குப் போய் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். அவரையும் மறக்க மாட்டேன்.

மேல் படுக்கை கொடுத்திருக்கிறார்கள். வேண்டுமென்றேதான்.

நவம்பர் 4

வாந்தி. வேறு எதுவும் எழுதுவதற்கில்லை.

நவம்பர் 5

இன்று ரசம் சாதம் தங்கியது. அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

கடலைப் பார்க்கிறவர்கள் அதை ஒரே தண்ணீர் என்று நினைக்கிறார்கள். அது அடுக்கடுக்காகக் கிடக்கிறது. வங்காள விரிகுடாவின் மேல்மட்டத்தில் கங்கையும் மகாநதியும் கோதாவரியும் மழைக்காலம் முழுக்கக் கொட்டிய நீர் பரந்திருக்கிறது. உப்புக் குறைவு, எடையும் குறைவு. எனவே அது கீழே உள்ள நீருக்கு மூடி போட்டதுபோல் மிதக்கிறது. கீழே போகப் போக நீர் குளிர்ந்து கனத்துக்கொண்டே போகிறது. அடியில் இருப்பது நம்மூர் நீரே இல்லை. தென்துருவத்தின் ஓரத்தில் உறைபனிக் குளிரில் கனத்து மூழ்கி, கடலடியோடு பல நூறு வருடம் தவழ்ந்து வந்த நீர்.

அது இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் எங்கேயோ மேலே ஏறித்தான் ஆகவேண்டும். கனமான நீரை மேலே ஏற்றுவது யார்? பாளையங்கோட்டைக் கடையில் நாங்கள் குடித்த ரோஸ் மில்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் சிரப், மேலே பால். கரண்டி போடாவிட்டால் கலக்காது. கடலுக்குக் கரண்டி எது? கடலடி மலைகள் என்றது என் ஆய்வேடு. நிலவின் இழுப்பில் கடலின் ஓதம் ஏறி இறங்கும்போது ஆழ்நீர் அந்த மலைகளின் மேல் உரசுகிறது. கடலுக்கு உள்ளேயே அலைகள் எழுந்து உடைகின்றன. அந்த உடைசலில் அடுக்குகள் கலக்கின்றன.

தொண்ணூறாவது தீர்க்கரேகையை ஒட்டி, வடக்கு தெற்காக, கடலுக்குள் ஒரு மலைத்தொடர் போகிறது. பதினெட்டு வருடத்துக்கு முன் அதற்கு மேல் நிறுத்திய கப்பலில் இருந்து அந்தக் கலங்கலை அளந்தேன். தெய்வநாயகமும் அதே கப்பலில்தான் இருந்தான். ஆயிரம் மீட்டருக்குக் கீழே, ஆழம் கூடக் கூடக் கலங்கலும் கூடியது. கரை திரும்பியதும் கருத்தரங்கில் தெய்வநாயகம் எழுந்து, அது கடலின் கலங்கல் இல்லை, கருவியின் அதிர்வு என்றான். எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டேன். அப்படித் தோன்றுகிறது என்றான். அவனுக்குத் தோன்றியதில் என் கட்டுரை போயிற்று. கடல் ஆராய்ச்சி நிறுவனத்தில் காலியாக இருந்த ஒரே இடத்தில் அவன் உட்கார்ந்தான்.

அதன் பிறகு அந்த மலைக்கு மேல் யாரும் அளக்கவில்லை. இப்போது அளக்கப்போகிறோம். கருவி பழையதையே சொன்னால் நான் சொன்னது சரி. சொல்லாவிட்டால், பதினெட்டு வருடமாக நான் எதற்காகக் கோபப்பட்டேன் என்ற கேள்வி வரும். அதற்கு இப்போது நேரமில்லை.

நவம்பர் 6

கருவியைச் சரிபார்த்தோம். ஆளுயர இரும்புச் சட்டகம். அதைச் சுற்றி நீர் பிடிக்கும் பாட்டில்கள். அடிப்பகுதியில், தலைமுடியை விடச் சற்றே தடித்த ஒரு உணரி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கப்பலில் எல்லாரும் 'ஊசி' என்கிறார்கள். நீரில் ஒரு சுழி சுழன்றால் ஊசிக்குத் தெரிந்துவிடும். சட்டகத்தைக் கம்பிவடத்தில் கட்டி, வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சால் இறக்கவேண்டும். வின்ச்சை இயக்குபவர் ஜெயசீலன், மணப்பாட்டுக்காரர். "என்ன சார், ஊசிய இம்புட்டு நேரமா பாக்கிய. கண்ணு பட்டுராம கறுப்புக் கயிறு கட்டவா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

மாலையில் சாப்பாட்டு அறையில் சின்னவர்கள் எல்லாரும் தெர்மோகோல் கப்களில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். ஆழ்கடல் போகும் கப்பல்களில் உள்ள பழக்கம் இது. கப்பை ஒரு பையில் போட்டுச் சட்டகத்தில் கட்டி இறக்கினால், நீரின் அழுத்தத்தில் காற்றெல்லாம் பிதுங்கி, விரலில் மாட்டும் அளவுக்குச் சுருங்கி மேலே வரும். வரைந்த படமும் எழுத்தும் அப்படியே சின்னதாகிவிடும். வீட்டுக்கு எடுத்துப்போய் அலமாரியில் வைப்பார்கள். பைக்காகச் சமையல்காரரிடம் வெங்காய வலை ஒன்று வாங்கி வைத்திருந்தாள் மெஹரூன்.

"சார், நீங்களும் ஒண்ணு வரைஞ்சு தாங்களேன். உங்க மகளுக்கு."

அந்த வயதெல்லாம் அவளுக்குத் தாண்டிவிட்டது என்றேன். எனக்கு மகள் இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும்?

சுடர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். போன் செய்தால் சரியாகக் கிடைப்பதில்லை. அங்கே சிக்னல் பிரச்சினை.

நவம்பர் 8

இது போன்ற ஒரு நாளுக்காகத்தான் இருந்தேன்.

காலையில் மலைக்கு மேல் வந்து நின்றோம். கீழே மூவாயிரம் மீட்டருக்குச் சற்று அதிகம். சட்டகம் இறங்கி ஏற அரைநாள் ஆனது. வடம் நீரிலிருந்து வரும்போது அதைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. மேலே சட்டையில்லாமல் நிற்கிற வெயில், கீழே ஐஸ். ஊசியின் பதிவைக் கணினியில் ஏற்றினோம். மெஹரூன் கோட்டை வரைந்தாள். ஆயிரம் மீட்டர் வரை அமைதி. அதற்குப் பிறகு கோடு நடுங்க ஆரம்பித்தது. ஆழம் கூடக் கூட நடுக்கம் கூடியது. பதினெட்டு வருடத்துக்கு முந்தைய என் கோட்டை எடுத்து அதன் மேல் வைத்தால் ஒன்றின் நிழல் இன்னொன்று என்பீர்கள்.

எல்லாரும் கைதட்டினார்கள். ஜெயசீலன் எனக்கு இரண்டு வடை கொண்டுவந்து கொடுத்தார். தெய்வநாயகம் மட்டும் திரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு "வாழ்த்துகள் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். முகத்தில் ரத்தமே இல்லை. அந்த முகத்தைப் பார்க்கத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன்.

வெளியே பின்தளத்துக்கு வந்தேன். பிள்ளைகள் சட்டகத்திலிருந்து கப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கும்போது புடைத்திருந்த சிவப்பு வலை இப்போது தொளதொளவென்று காற்றில் ஆடியது. கப்கள் எல்லாம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டன.

நவம்பர் 9

துணி துவைத்தேன். கப்பலில் துவைக்கும் இயந்திரம் ஒன்றுதான். வரிசையில் நின்றுதான் கிடைத்தது. இரண்டு பனியன், மூன்று சட்டை, ஒரு லுங்கி. நீலச் சட்டையில் பித்தான் ஒன்று காணவில்லை.

ஊசியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று. மற்ற இடங்களில் பாட்டில்களை மட்டும் இறக்குகிறார்கள்.

மதியம் வெங்காய சாம்பார். எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 10

எழுத ஒன்றுமில்லை.

கட்டுரையின் முதல் பத்தியை மனதில் எழுதிப் பார்த்தேன். நன்றாக வந்தது. இரண்டாம் பத்தியில் கருவி எப்படிப் பொருத்தப்பட்டிருந்தது என்று சொல்லவேண்டும். அங்கே நின்றுவிட்டேன்.

நவம்பர் 11

எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். இல்லாவிட்டால் இதைத் தொடங்கியதில் அர்த்தமில்லை.

எட்டாம் தேதி இறக்கிய கப் பை ஊசிக்கு ஒரு முழம் தள்ளிக் கட்டப்பட்டிருந்தது. இறங்கும்போது உள்ளே இருந்த கப்கள் வலையை விறைப்பாக வைத்திருந்தன. ஆழம் போகப் போகக் கப்கள் சுருங்கின. வலை தளர்ந்தது. தளர்ந்த வலை நீரில் படபடத்திருக்கும். படபடப்பில் சுழிகள் பிறந்திருக்கும். ஊசி அந்தச் சுழிகளைத்தான் அளந்திருக்கும். ஆழம் கூடக் கூடக் கலங்கல் ஏன் கூடியது என்பதற்கு மலையே தேவையில்லை. ஒரு வெங்காய வலை போதும்.

எட்டாம் தேதி மாலை அந்த வலை காற்றில் ஆடுவதைப் பார்த்தபோதே எனக்கு இது தெரியும். வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு என் பதினெட்டு வருடமும் திரும்பக் கிடைத்துவிடும்.

காலையில் கேப்டன் எல்லாரையும் கூப்பிட்டு, தென்கிழக்கில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறது, நாளை மாலைக்குள் சென்னை நோக்கித் திரும்பியாக வேண்டும் என்றார். இன்னும் ஓரிடத்தில் மட்டும் கருவியை இறக்க நேரம் இருக்கும். அது தெற்கே, தெய்வநாயகத்தின் இடம். இந்தப் பயணத்துக்கு அவன் அனுமதி வாங்கியதே அந்த ஓர் இடத்துக்காகத்தான் என்று மெஹரூன் சொல்லியிருக்கிறாள். அடுத்த கப்பல் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

காலை டிபனுக்குப் பிறகு அவன் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னான். நின்றுகொண்டே சொன்னேன்.

"எட்டாந்தேதி சட்டகத்துல கப் பை கட்டிருந்தது. ஊசிக்குப் பக்கத்துல. அந்தப் பதிவு செல்லாது."

அவன் எழுந்து கதவைச் சாத்தினான்.

"வெங்காய வலையா?"

"ஆமா."

"செகப்பா?"

"கலர் இப்ப முக்கியமா?"

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு, "மாப்ள" என்றான். அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று என் காது முதலில் கணக்குப் போட்டது. அடுத்து அவன் சொன்னது அதற்குப் பிறகுதான் உள்ளே போனது.

"அன்னைக்கும் கட்டிருந்தது. கட்டுனது நாந்தாம்ல."

அந்த வருடம் அவன் மகளுக்கு முதல் பிறந்தநாள். அவள் பெயர் எழுதிய கப்களோடு வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஆசை. யாரிடமும் சொல்லாமல் வலையைச் சட்டகத்தில் கட்டிவிட்டான். மேலே வந்ததும் யாரும் பார்க்கும் முன் அவிழ்த்துவிட்டான். என் கோட்டைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு மாதத்தில் நேர்முகத் தேர்வு. பயணத்தின் முக்கியமான பதிவைக் கெடுத்தவன் என்று தெரிந்தால் வேலை போய்விடும். சொல்லாமல் விட்டால் பொய்யான அளவு புத்தகங்களில் ஏறிவிடும்.

"அதான் அதிர்வுன்னு மட்டும் சொன்னேன்."

"பாதி உண்மைய சொல்லிருக்க."

"ஆமா. எனக்கு வேண்டிய பாதி."

மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குத் தொண்டை வறண்டிருந்தது, அவ்வளவுதான். குடித்துவிட்டு வைத்தேன். எறிந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பதினெட்டு வருடமாக மனதில் அடுக்கி வைத்திருந்த வசனங்களில் ஒன்றுகூட அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. எல்லாமே வேறொரு தெய்வநாயகத்துக்காக எழுதியவை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டேன். "அப்படின்னா அந்த மலைக்கு மேல நெசமாவே கலங்கல் இருக்கா, இல்லையா?"

"எனக்கும் தெரியாது. பதினெட்டு வருஷமா அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்." பிறகு போனை எடுத்து மேலே கேப்டனிடம் பேசினான். தெற்கே போகவேண்டாம், மலைக்கே திருப்புங்கள் என்றான்.

"அப்ப ஒன் எடம்?"

"அது அங்கதான் கெடக்கும். எங்கயும் போகாது."

நவம்பர் 12

மழைத்தூறல். கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தது.

மெஹரூன் அழுது முகம் வீங்கியிருந்தாள். பையைக் கட்டியது அவள்தான். எல்லார் முன்னாலும் தெய்வநாயகம் அவளிடம் சொன்னான். "இதுல நீ ரெண்டாவது ஆளும்மா. மொத ஆளு நான். சாருக்கு இப்பதான் சொன்னேன்." ஜெயசீலன்தான் முதலில் பேசினார்: "நல்லதாப் போச்சு. வெங்காயத்தயும் சேத்து எறக்கியிருந்தா பொரியலே ஆயிருக்கும்." இந்த முறை நானும் சிரித்தேன்.

அவரே சட்டகத்தைச் சுற்றிவந்து கையால் தடவிப் பார்த்து, "ஒரு நூலுகூட இல்ல சார்" என்றார். இறக்கினோம்.

காத்திருந்த நேரத்தில் தெய்வநாயகமும் நானும் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றோம். அவன் மகள் இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடமாம். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிக்னல் பிரச்சினை என்று சொல்லியிருப்பேன். கோயம்புத்தூரில் சிக்னல் பிரச்சினை எதுவும் இல்லை. போன பொங்கலுக்கு அவள், "உங்களுக்கு எல்லார் மேலயும் கோவம்ப்பா, எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு" என்றாள். அதற்குப் பிறகு நான்தான் கூப்பிடவில்லை.

மதியத்துக்குப் பிறகு சட்டகம் மேலே வந்தது. மெஹரூன் கோட்டை வரைய ஆரம்பித்தாள். ஆயிரம் மீட்டர், அமைதி. ஆயிரத்து ஐந்நூறு, அமைதி. இரண்டாயிரம். கோடு செத்துக் கிடந்தது. நான் நாற்காலியைத் தேடினேன். இரண்டாயிரத்து ஐந்நூறு. யாரோ என் தோளைப் பிடித்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை, யார் என்று தெரியும்.

மலையின் முதுகுக்கு மேலே கடைசிச் சில நூறு மீட்டரில் கோடு எழுந்தது. முதலில் ஒரு துடிப்பு. பிறகு இன்னொன்று. பிறகு விடாமல், அடிவரை.

நான் அன்று சொன்னதில் முக்கால்வாசி வலை, கால்வாசி கடல். அந்தக் கால்வாசி போதும். கரண்டி இருக்கிறது. நான் நினைத்ததைவிடச் சின்னக் கரண்டி, நான் நினைத்ததைவிட ஆழத்தில். ஆனாலும் அது கலக்குகிறது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்த வருடங்களிலும் அது ஒவ்வொரு ஓதத்துக்கும் கலக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தென்துருவத்து நீர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கப்பல் திரும்பியது. மன்னித்துவிட்டேன் என்று எழுதப்போவதில்லை. அது உண்மையில்லை. ஆனால் இன்று அவன் தட்டில் இருந்த அப்பளத்தை எடுத்து நான் தின்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. விடுதியிலும் சொல்லமாட்டான்.

நவம்பர் 13

ஆட்டம் அதிகம். மறுபடி வாந்தி. மேல் படுக்கை எப்படி என்று தெய்வநாயகம் கேட்டான். கீழ்ப் படுக்கையில் அலை ஏறினால் முதலில் நனைவது தலையணைதானாம், அதனால்தான் எனக்கு மேலே போடச் சொன்னானாம்.

மாலையில் மெஹரூன் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். எட்டாம் தேதி இறக்கிய கப்களில் ஒன்று. விரல் நுனி அளவு இருந்தது. நீல மையில் 'சுடர்' என்று எழுதியிருந்தது. சுருங்கியதில் எழுத்துகள் இன்னும் கருத்து, நெருக்கமாக நின்றன.

"நீங்க வரைய மாட்டேன்னுட்டீங்க. நானே எழுதிட்டேன் சார். கோவிச்சுக்காதீங்க."

இந்தப் பெயர் எப்படித் தெரியும் என்று கேட்டேன். தெய்வநாயகம் சார்தான் சொன்னாராம். என் ஆய்வேட்டைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னதும், எனக்கு மின்னஞ்சல் எழுதச் சொன்னதும் அவர்தானாம். தன் பெயரைச் சொன்னால் நான் வரமாட்டேன் என்றாராம்.

சுடர் பிறந்தபோது மருத்துவமனைக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு முதலில் வந்தவன் அவன்தான். பெயர் வைக்கும்போதும் இருந்தான்.

நவம்பர் 15

சென்னை. மழை விட்டிருந்தது.

துறைமுகத்துக்குள் வரும்போதே போனில் சிக்னல் கோடுகள் நிறைந்தன. அவள் எண்ணை அழுத்தினேன். எடுத்தாள்.

"அப்பா? என்ன திடீர்னு?"

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ரோஸ் மில்க்கிலிருந்து தொடங்கினேன். அடியில் சிரப், மேலே பால், கரண்டி எங்கே இருக்கிறது என்று. பிறகு மலை, ஊசி, வெங்காய வலை. வலையைக் கேட்டு அவள் சிரித்தாள். கப்பைப் பற்றிச் சொன்னேன்.

"அப்பா, இவ்வளவு நேரம் பேசியிருக்கீங்க. யாரையும் திட்டவே இல்ல."

"மேல் படுக்கை போட்டான், அதச் சொல்லல இன்னும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் போகிறேன். கப்பைப் பஞ்சில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

தெய்வநாயகம் அடுத்த மாதக் கருத்தரங்கில் பழைய பதிவு எப்படிக் கெட்டது என்பதைத் தானே சொல்லப்போகிறான். புதிய கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று இரண்டு பேரும் சண்டை போட்டோம். கடைசியில் மெஹரூன் பெயர் முதலில் என்று முடிவாயிற்று. ஏணிப்படியில் இறங்கும்போது, "போயிட்டு வாரேம்ல" என்றான். "போன் பண்ணு" என்றேன். பண்ணுவான் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது இந்தப் பக்கங்கள். முதல் நாள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எவ்வளவு ஆத்திரம். கிழித்துப் போடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அதுவும் நடந்ததுதான், இருக்கட்டும். ஆனால் கடைசிப் பக்கத்தில் என் பெயரைப் போட்டால் முதல் பக்கத்தில் இருப்பவன் யார் என்று தெரிந்துவிடும். அவன் சொல்லவேண்டியதை அவன் வாயால் சொல்லட்டும். எனவே எல்லாப் பெயர்களையும் அடித்து மாற்றிவிட்டேன். தெய்வநாயகம் என்பது அவன் பெயரில்லை. மெஹரூனும் ஜெயசீலனும் வேறு பெயர்க்காரர்கள். சுடரின் பெயரை மட்டும் மாற்றவில்லை. இது அச்சில் வந்து அவள் படித்தால் எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியும். அது போதும்.

உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். அனுப்புநர் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. துறைமுக வாசலுக்கு எதிரே தபால்பெட்டி இருக்கிறது. கையெழுத்துப் போடாமலேயே போட்டுவிடப் போகிறேன்.